இல்லத்தில் வளரும் பதின்பருவப் பிள்ளைகளின் ஆவேசமும் பகைமையும்: புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகள் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களைச் சின்னப் பிள்ளைகள் அவ்வளவாக அசைப்பதில்லை. பதிமூன்று வயது தாண்டியவர்கள்தான் அசைத்துப் பார்ப்பார்கள். நேற்றுவரை உங்களைத் தெரியாத ஒரு பையன் முகத்துக்கு நேரே கெட்ட வார்த்தை சொல்லுவான். "சாப்பிட வாம்மா" என்று கூப்பிட்டதற்கு ஒரு பெண் கதவை அறைந்து சாத்துவாள். நான் என்ன செய்துவிட்டேன் என்று திகைத்து நிற்பீர்கள். பெரும்பாலும் நீங்கள் எதுவும் செய்திருக்க மாட்டீர்கள்.

அடியும் உதையும் கடைசியில் வருபவை. அதற்குப் பல வருடங்கள் முன்பே அந்தப் பிள்ளையின் மனதில் ஓர் எதிர்பார்ப்பு ஊறிப்போயிருக்கும்: பெரியவர்கள் ஏமாற்றுவார்கள், அடிப்பார்கள், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நம் வேலையில் முக்கால்வாசி அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்குவதுதான். சண்டை நடக்கும் பத்து நிமிடத்தில் அதைச் செய்ய முடியாது. சண்டை இல்லாத மீதி நேரத்தில்தான் முடியும். புதிதாக வருபவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் தயாராகிறார்கள், அதனால்தான் சீக்கிரமே களைத்துப்போகிறார்கள். கீழே எழுதியிருப்பதை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதல் படி: செயலையும் மனநிலையையும் பிரித்துப் பாருங்கள்

அடிப்பது, தள்ளுவது, திட்டுவது, பொருளை உடைப்பது எல்லாம் செயல்கள். கண்ணுக்குத் தெரியும், ரிப்போர்ட்டில் எழுதலாம். பகைமை அப்படி இல்லை. "எல்லோரும் எனக்கு எதிரிதான்", "எனக்கு மட்டும்தான் அநியாயம் நடக்கிறது" என்று உள்ளே உறைந்துபோன கசப்பு அது. 1957-ல் அமெரிக்க உளவியலாளர்கள் அர்னால்ட் பஸ், ஆன் டர்க்கி இருவரும் 75 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளைத் தயாரித்தார்கள். கைகலப்பு, வாய்ச்சண்டை, மறைமுகத் தாக்குதல், எரிச்சல், முரண்டு ஆகியவற்றோடு மனக்கசப்பையும் சந்தேகத்தையும் அதில் தனித்தனியாக அளந்தார்கள். பல நாடுகளில் அது பயன்பட்டு வந்திருக்கிறது. வினாத்தாளைக் கையாளுவது உளவியலாளரின் வேலை. நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பிரிவினையை.

ஏனென்றால் இரண்டும் எப்போதும் சேர்ந்து இருப்பதில்லை. கை நீட்டுகிற பையன் மறுநாள் காலையில் உங்களோடு சிரித்துப் பேசுவான், அவனிடம் கசப்பு அதிகம் இருக்காது. யாரையும் தொடாத, சத்தம் போடாத, நீங்கள் எது செய்தாலும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிற இன்னொருவனிடம் பகைமை மலையாக இருக்கலாம். முதலாமவனைப் பற்றி ரிப்போர்ட்கள் குவியும். இரண்டாமவனை "நல்ல பையன், தொந்தரவே இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இரண்டாமவனைப் பற்றித்தான் கவலை அதிகம்.

ஆவேசத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்று சூடானது: பயந்து, அவமானப்பட்டு, சீண்டப்பட்டு வெடிப்பது. முகம் சிவக்கும், கை நடுங்கும், பிறகு அழுகை வரலாம். மற்றது கணக்கோடு வருவது: மிரட்டினால் டிவி ரிமோட் கிடைக்கும், சின்னப் பையனின் சோப்பும் ஜட்டியும்கூட நம்முடையதாகும் என்று தெரிந்தே செய்வது. முதலாவதற்குத் தேவை ஆசுவாசம். இரண்டாவதற்கு, மிரட்டல் பலிக்காது என்று தினமும் காட்டுகிற உறுதியான மேற்பார்வை. ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருக்கும், மாற்றி வைத்தியம் பார்த்தால் இரண்டுமே வளரும்.

இரண்டாம் படி: ஏன் உங்களை எதிரியாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஒவ்வொரு புதிய பணியாளருக்கும் சொல்லுவேன். பையன்கள் ஒரு புதிர்ப்படத்தை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு பையன் அதைக் கலைத்துவிடுகிறான். வேண்டுமென்றே செய்தான் என்று தெளிவாகத் தெரிந்தால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. தெரியாமல் நடந்தது என்று தெளிவாகத் தெரிந்தால் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. வித்தியாசம் வருவது நடுவில்தான். வேண்டுமென்றா, தெரியாமலா என்று புரியாத நேரத்தில், சண்டைக்காரர்கள் என்று பெயர் எடுத்த பையன்கள் அதை வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொண்டு பதிலடி கொடுத்தார்கள்.

இல்லத்து வாழ்க்கையில் பாதி நேரம் அந்த நடுப்பகுதிதான். வராந்தாவில் தோள் இடிக்கிறது, யாரோ சிரிக்கிறார்கள், நீங்கள் கூப்பிட்டது காதில் விழாமல் போய்விடுகிறீர்கள். இவை ஒவ்வொன்றும் அவனுக்கு ஒரு தாக்குதல்.

இதோடு அமெரிக்க உளவியலாளர் செத் பொல்லாக்கின் ஆய்வுகளையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் அடிபட்டு வளர்ந்த குழந்தைகளுக்குத் தெளிவில்லாத முகப் படங்களைப் படிப்படியாகத் தெளிவாக்கிக் காட்டினார். மற்ற குழந்தைகளுக்கு எதுவும் பிடிபடாத கட்டத்திலேயே இவர்கள் அதில் கோபத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடிக்கிற கை ஓங்கும் முன்பே முகத்தைப் படிக்கத் தெரிந்தால்தான் தப்பிக்க முடியும் என்ற வீட்டில் அது உயிர் காக்கும் திறமை. இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கமில்லாமல் நிற்கிற உங்கள் முகத்திலும் அந்தத் திறமை கோபத்தைத்தான் படிக்கும். "என்னை ஏன் முறைக்கிறீங்க?" என்று கேட்டால் "நான் எங்கடா முறைச்சேன்?" என்று எகிறாதீர்கள். "ராத்திரி தூங்கலப்பா, அதான் முகம் இப்படி இருக்கு. உன் மேல கோபம் இல்ல" என்று சொல்லுங்கள். உங்கள் முகத்துக்கு நீங்களே விளக்கம் சொல்லும் பழக்கம் எத்தனையோ சண்டைகளைத் தடுக்கும்.

இன்னொரு காரணம் நம் அமைப்பிலேயே இருக்கிறது. குழந்தைக்கு நிலையாக ஒரு பெரியவர் வேண்டும் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் போல்பி 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையிலேயே சொல்லிவிட்டார். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த நீண்ட ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. விடுதியிலிருந்து வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள், பெரியவர்களோடு ஒட்டி உறவாடுவதில் நன்றாகத் தேறினார்கள். இல்லத்திலோ ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆட்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை உங்களைப் போல எத்தனையோ புதியவர்களைப் பார்த்திருக்கும். இவரும் எத்தனை நாள் இருப்பார் என்றுதான் முதலில் பார்க்கும்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. மூளையில் உணர்ச்சிகளைக் கிளப்பும் பகுதிகள் பதின்பருவத்தில் முழு வேகத்தில் இருக்கும். அவற்றை நிதானப்படுத்தும் முன்பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும். அந்த இடைவெளியில் தாங்கிப் பிடிக்கிற ஆள் இவர்களுக்கு இல்லை என்பதுதான் வேறுபாடு.

மூன்றாம் படி: கோப்பைப் படியுங்கள், ஆனால் குற்றப் பட்டியலுக்காக அல்ல

பிள்ளையின் கோப்பை முதல் நாளே வாங்கிப் படிக்க வேண்டும். இதுவரை எத்தனை இடம் மாறியிருக்கிறது, ஒவ்வோர் இடத்திலிருந்தும் எப்படிப் பிரிந்தது, யார் பார்க்க வருகிறார்கள், யார் வருவதாகச் சொல்லி வராமல் போகிறார்கள், அண்ணன் தங்கை எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். தேதிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: அம்மா இறந்த நாள், இல்லத்துக்குக் கொண்டுவந்த நாள், பிறந்தநாள். அந்த வாரங்களில் காரணமே இல்லாமல் சண்டை வருவது போலத் தெரியும், காரணம் காலண்டரில் இருக்கும்.

உடம்பைப் பற்றியும் தேடுங்கள். தலையில் அடிபட்டதுண்டா? வலிப்பு உண்டா? காது சரியாகக் கேட்கிறதா? கூப்பிட்டால் திரும்பாத பையனைத் திமிர் பிடித்தவன் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், பரிசோதித்தால் ஒரு காது கேட்காது. புதிய மாத்திரை தொடங்கிய பிறகு எரிச்சல் கூடியிருந்தால் மருத்துவரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

முந்தைய பணியாளர்கள் எழுதிய "அடங்காதவன்", "வன்முறை சுபாவம்" போன்ற சொற்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவற்றுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். பல கோப்புகளில் அது இருக்காது.

நான்காம் படி: முதல் வாரங்களில் ஒரே மாதிரி இருங்கள்

பிள்ளைகள் உங்களைச் சோதிப்பார்கள். ஒருவர் நல்லவர் என்று தெரிந்தால் ஒட்டிக்கொள்ள ஆசை வரும், ஒட்டிக்கொண்டால் பிரிவின் வலியும் சேர்ந்தே வரும். அதற்கு முன்பே உங்களை விரட்டிவிட்டால் தப்பித்தோம் என்று மனது கணக்குப் போடும். அதனால்தான் உங்களோடு நெருங்க ஆரம்பித்த பிள்ளை திடீரென்று உங்களிடமே அதிகமாக மோதும். இதைக் கண்டு மனம் உடைந்து போகிறவர்கள் அதிகம். உறவு தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி அது.

இந்த நாட்களில் செய்ய வேண்டியவை சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையானவை. வருகிறேன் என்ற நேரத்துக்கு வாருங்கள். முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள். "பார்க்கலாம்" என்ற சொல்லே வேண்டாம், இவர்களுக்கு அது ஏமாற்றத்தின் முதல் படி. "அது என் கையில இல்ல. சூப்பரின்டென்ட் சார்கிட்ட நாளைக்குக் கேட்டு, சாயந்திரம் அஞ்சு மணிக்கு உனக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். பதில் "முடியாது" என்றாலும் ஐந்து மணிக்குப் போய்ச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் வந்து சொல்லப்பட்ட மறுப்பு, வராமலே போன சம்மதத்தைவிட அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

நீங்கள் ஷிஃப்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி ஒரு முறை பார்த்துப் பேசிவிடுங்கள், முந்தைய நாள் உங்களைத் திட்டியவனையும் சேர்த்து. அவனிடம் அன்று பேசும் முதல் பேச்சு நேற்றைய சண்டையைப் பற்றி இருக்கக்கூடாது.

ஐந்தாம் படி: நேரத்தையும் இடத்தையும் குறித்து வையுங்கள்

ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு மோதலுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணி, எங்கே, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது. ஒரு மாதம் எழுதினால் சண்டைகள் கண்டபடி வருவதில்லை என்று தெரியும். பெரும்பாலும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரங்கள்: பள்ளி விட்டு வருவது, டிவியை அணைப்பது, குளியலறை வரிசை, விளக்கணைக்கும் நேரம். குடும்பத்தினர் வந்துபோன பிறகு. புதிய பிள்ளை சேர்ந்த வாரம். பிடித்த பணியாளர் விடுப்பில் போன நாள்.

படுக்கப் போகும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகல் முழுக்கச் சத்தத்தில் மறைந்திருந்த நினைவுகள் இருட்டில்தான் வரும். சிலருக்கு இரவில்தான் கெட்டது நடந்திருக்கும். அப்படிப்பட்ட பிள்ளை தலையணையை எறிந்து சண்டை இழுப்பது தூங்காமல் இருப்பதற்காகவே. "பேசாம படு" என்று விளக்கை அணைத்தால் சண்டை வராந்தாவுக்கு வரும். விளக்கணைக்க அரை மணி முன்பே சத்தத்தைக் குறைத்து, வராந்தா விளக்கை விட்டுவைத்து, யார் இரவுப் பணியில் இருக்கிறார், கூப்பிட்டால் எங்கே இருப்பார் என்று சொல்லிவிட்டு, படுக்கைப் பக்கம் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போனால் பாதி இரவுகள் அமைதியாகும்.

கடைசிக் கேள்வியை, "பிறகு என்ன கிடைத்தது" என்பதை, யாரும் எழுதுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களை வருடக்கணக்கில் கவனித்து 1982-ல் விளக்கியது இதைத்தான். பிள்ளை கத்துகிறது, பெரியவர் கத்துகிறார், பிள்ளை இன்னும் கத்துகிறது, பெரியவர் சலித்து விட்டுக்கொடுக்கிறார். சத்தம் அடங்கியதால் பெரியவருக்கு நிம்மதி, கேட்டது கிடைத்ததால் பிள்ளைக்கு லாபம். அடுத்த முறை இருவரும் இன்னும் சீக்கிரம் கத்த ஆரம்பிப்பார்கள். அமைதியாகக் கேட்டபோது மறுத்ததை, நாற்காலியை எறிந்த பிறகு கொடுத்தால் நாற்காலி எறிவதை நாமே கற்றுக்கொடுக்கிறோம். கொடுக்கலாம் என்றால் முதல் முறை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: கொதி ஏறும்போது

ஞாயிறு மாலை. ஐந்து மணிக்கு அம்மா போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். ஐந்தரை ஆகிவிட்டது. பதினைந்து வயதுப் பையன் ஹாலில் உட்கார்ந்து எதிர் நாற்காலியின் காலைச் செருப்பு நுனியால் தட்டிக்கொண்டே இருக்கிறான். முதலில் மெதுவாக, பிறகு தாளம் வேகமாகிறது. தாடை இறுகியிருக்கிறது. டிவியில் ஏதோ வர, பக்கத்தில் இருந்தவன் சிரிக்கிறான். இவன் சட்டென்று திரும்பி, "என்னடா சிரிப்பு?"

இந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் "உட்காருடா, எதுக்கு இப்ப சத்தம்?" என்பார்கள். அனுபவம் உள்ள பணியாளர் என்ன செய்வார் என்று பாருங்கள். எழுந்து இரண்டு பேருக்கும் பக்கவாட்டில் வந்து நிற்கிறார், பையனுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கவில்லை. சிரித்தவனிடம் தணிந்த குரலில், "நீ போய் அக்கா கூப்பிடுறாங்களான்னு பாரு" என்று அவனை வெளியே அனுப்புகிறார். இவனிடம் ஒரே ஒரு வரி: "போன் வரல இல்ல." பையன், "அதப் பத்தி உங்களுக்கு என்ன?" என்கிறான். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "ஆறு மணிக்கு நாமளே போட்டுப் பார்ப்போம். நான் வராந்தாவுல இருக்கேன், வர்றதுன்னா வா" என்று சொல்லிவிட்டு நகர்கிறார். பையன் நாற்காலியை ஓர் உதை உதைத்துவிட்டு, சில நிமிடம் கழித்து வராந்தாவுக்குப் போகிறான். நாற்காலி உதைத்ததைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. ஆறு மணிக்குப் போன் போட்டார்கள்.

அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பார்வையாளர் இருந்தால் பின்வாங்குவது அவமானம், அதனால் பார்வையாளரை அப்புறப்படுத்தினார். நேருக்கு நேர் நிற்பதும் உற்றுப் பார்ப்பதும் சவாலாகத் தெரியும், அதனால் பக்கவாட்டில் நின்றார். வழியை மறித்தால் உங்களைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். உணர்ச்சியை ஊகித்து விளக்காமல், நடந்ததை மட்டும் சொன்னார். கொதிக்கிற நேரத்தில் காதில் விழுவது நாலைந்து சொற்கள்தான். அறிவுரை, விசாரணை, "உனக்கு எத்தனை தடவை சொன்னேன்" எல்லாம் எரிச்சலைத்தான் கூட்டும். முக்கியமாக, மரியாதையோடு வெளியேற ஒரு வழி கொடுத்தார்.

தோளில் கை வைத்து ஆறுதல் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் இந்த நேரத்தில் தொடாமல் இருங்கள். அடிபட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பின்னாலிருந்து வரும் கை எந்தக் கை என்று தெரியாது.

ஏழாம் படி: வெடித்துவிட்டால்

இப்போது ஒரே நோக்கம், யாருக்கும் அடிபடக் கூடாது. மற்ற பிள்ளைகளை வெளியேற்றுங்கள், சக பணியாளரைக் கூப்பிடுங்கள், கையில் எடுத்து எறியக்கூடியவற்றை அகற்றுங்கள், இரண்டு கை தூரத்துக்கு மேல் விலகி நில்லுங்கள். ஜன்னல் உடைந்தால் உடையட்டும், பொருளைக் காப்பாற்றப் பிள்ளையைப் பிடிக்காதீர்கள். பேசுவது ஒருவர் மட்டும்.

உடலால் பிடித்து நிறுத்துவது, வேறு எந்த வழியிலும் உயிருக்கோ உடம்புக்கோ வரும் ஆபத்தைத் தடுக்க முடியாதபோது மட்டும். அதுவும் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள், மிகக் குறைந்த நேரத்துக்கு. குப்புறத் தள்ளி முதுகில் அழுத்துவது கூடவே கூடாது. அப்படி மூச்சுத் திணறி பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். "மூச்சு விட முடியல" என்று ஒரு பிள்ளை சொன்னால் நடிப்பா என்று யோசிக்காமல் அந்தக் கணமே விட்டுவிடுங்கள். பேச முடிகிறதே, அதனால் மூச்சு வருகிறது என்று நினைப்பது உயிருக்கு உலை வைக்கும் நினைப்பு.

பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளைப் பராமரிப்பது பற்றி ஐ.நா. பொதுச்சபை 2009-ல் வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. தனிமையில் அடைத்து வைப்பது, இழிவுபடுத்துவது உள்ளிட்ட எந்த வன்முறையும் ஒழுங்குமுறை ஆகாது. குடும்பத்தோடான தொடர்பைத் தண்டனையாகத் துண்டிக்கக் கூடாது. நிபுணர் பரிசோதித்து எழுதித் தராமல் மருந்து கொடுத்து அடக்கக் கூடாது. உங்கள் இல்லத்தில் இதற்கு மாறாக ஏதாவது வழக்கத்தில் இருந்தால், "இங்க எப்பவும் இப்படித்தான்" என்று யார் சொன்னாலும் அதில் நீங்கள் பங்கெடுக்காதீர்கள், எழுத்தில் மேலிடத்துக்குத் தெரிவியுங்கள்.

எட்டாம் படி: அடங்கிய பிறகு

சத்தம் நின்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று விசாரணையைத் தொடங்குவதால்தான் இரண்டாவது வெடிப்பு வருகிறது. உடம்பு இறங்க அரை மணி, ஒரு மணி, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். தண்ணீர் கொடுங்கள், காயம் இருந்தால் பாருங்கள், பக்கத்தில் இருங்கள். பேச்சு பிறகு.

அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல மரபு உண்டு. ஆவேசக்காரப் பிள்ளைகளோடு வேலை செய்த ஃப்ரிட்ஸ் ரெட்லும் டேவிட் வைன்மேனும் 1946 முதல் 1948 வரை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், கடும் ஆவேசம் கொண்ட பையன்களுக்காக பயனீர் ஹவுஸ் என்ற சிறிய இல்லத்தை நடத்தினார்கள். வாரம் ஒரு முறை மருத்துவர் அறையில் நடக்கும் பேச்சைவிட, சம்பவம் நடந்த இடத்திலேயே, பிள்ளையோடு வாழ்கிற பெரியவர் அன்றே பேசும் பேச்சு ஆழமாகப் போகும் என்று அவர்கள் கண்டார்கள். பிள்ளை தன் பக்கக் கதையை முழுக்கச் சொல்ல விடுங்கள், பொய் கலந்திருந்தாலும் நடுவில் திருத்தாதீர்கள். எது முதலில் நடந்தது, அப்போது என்ன நினைத்தான், எந்த இடத்தில் கை போனது என்று வரிசைப்படுத்த உதவுங்கள். "அவன் உன்னைப் பார்த்துத்தான் சிரிச்சான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்ற கேள்வியை, கிண்டல் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் குரலில் கேளுங்கள். பகைமையின் வேரில் கை வைப்பது அந்தக் கேள்விதான். "டிவியப் பார்த்தும் சிரிச்சிருக்கலாம்" என்று ஒரு நாள் அவனே சொல்லுவான். மாதங்கள் ஆகலாம்.

பிறகு ஈடுசெய்வது. உடைத்த அலமாரிக் கதவை வைத்துச் சொல்கிறேன். ஒரு வாரம் டிவி கிடையாது என்றால் பையன் கற்றுக்கொள்வது பெரியவர்கள் பழி வாங்குவார்கள் என்பதை. அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். மறுநாள் ஸ்க்ரூ டிரைவரும் புதிய கீலும் எடுத்துக்கொண்டு அவனோடு தரையில் உட்காருங்கள். நீங்கள் கதவைத் தாங்கிப் பிடியுங்கள், அவன் திருகட்டும். ஒரு திருகாணி கோணலாகப் போகும், கழற்றி மறுபடி போட வேண்டியிருக்கும். அந்த இருபது நிமிடத்தில் நேற்றைய விஷயத்தை நீங்கள் எடுக்கவே வேண்டாம், பெரும்பாலும் அவனே எடுப்பான். கதவு மூடித் திறந்ததும் கணக்குத் தீர்ந்தது, அதை மறுபடி கிளறக் கூடாது.

ஒருவன் செய்ததற்கு எல்லோருக்கும் தண்டனை கொடுக்கும் வழக்கத்தை எங்கே கண்டாலும் நிறுத்துங்கள். அன்று இரவு அந்த ஒருவனுக்கு மற்றவர்கள் கொடுக்கும் தண்டனையை நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

ரிப்போர்ட்டை அன்றே எழுதுங்கள். "திமிராக நடந்துகொண்டான்" என்பது உங்கள் அபிப்பிராயம். "7.10-க்கு டிவியை அணைத்தேன், முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை, ரிமோட்டை என் காலருகே எறிந்தான்" என்பது நடந்தது. உங்கள் பக்கம் நடந்ததையும் எழுதுங்கள், அடுத்த ஷிஃப்டுக்குப் பயன்படுவது அதுதான்.

ஒன்பதாம் படி: கூட்டத்தைக் கவனியுங்கள்

பெரியவர்கள் கண்ணில் படாத ஓர் அதிகார வரிசை ஒவ்வொரு இல்லத்திலும் உண்டு. யார் முதலில் குளிக்கிறார், யாருடைய துணியை யார் துவைக்கிறார், யார் உள்ளே வந்தால் பேச்சு நிற்கிறது என்று பாருங்கள். புதிதாக வந்த பிள்ளையின் முதல் இரண்டு வாரம் மிக ஆபத்தானது. குளியலறை, மொட்டை மாடி, மாடிப்படி அடி போன்ற இடங்களுக்கு நேரம் சொல்லாமல் போய்வாருங்கள்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் டிஷனும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1990-களில் கண்டது நமக்கு எச்சரிக்கை. சிக்கலான பிள்ளைகளை மட்டும் ஒன்றாக உட்காரவைத்து நடத்திய சில குழு வகுப்புகளால் அவர்கள் நடத்தை மோசமானது. விதிமீறிய கதை ஒன்றைச் சொன்னதும் நண்பர்கள் சிரித்த சிரிப்பு, வகுப்பு நடத்தியவரின் பாராட்டைவிடப் பெரிய பரிசாக இருந்தது. ஆகவே "கோபக்காரர்கள் குழு" என்று தனியாகப் பிரிக்காதீர்கள். கலந்த சிறு குழு, கையில் ஒரு வேலை, எப்போதும் ஒரு பெரியவர்.

பெண் பிள்ளைகளிடமும், சில பையன்களிடமும், ஆவேசம் கைகலப்பாக வராமல் ஒதுக்குதலாகவும் வதந்தியாகவும் வரும். ஒருத்தியோடு யாரும் பேசாமல் நிறுத்திவிடுவார்கள். அடி இல்லாததால் ரிப்போர்ட்டும் இருக்காது. ஆவேசம் தன் மீதே திரும்பி, தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் உண்டு. முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மறுக்கும் பிள்ளையை, கவனம் ஈர்க்கச் செய்கிறாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எப்போது நிபுணரைக் கூப்பிடுவது

தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, ஆயுதத்தைப் பதுக்குவது, தீ வைப்பது, மிருகங்களை வதைப்பது, சின்னப் பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல், சண்டையின்போது எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத நிலை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மேலதிகாரிக்கும் மனநல மருத்துவருக்கும் தகவல் போக வேண்டும். சாதுவாக இருந்த பிள்ளை சில வாரங்களில் ஆவேசமாக மாறினால், யாரோ அதற்குத் தீங்கு செய்கிறார்களா என்பது முதல் கேள்வி. அந்த யாரோ உங்கள் இல்லத்துக்குள்ளேயே இருக்கலாம். பதின்பருவ மனச்சோர்வு சோகமாக மட்டுமல்ல, எரிச்சலாகவும் தெரியலாம் என்பதையும் மறக்க வேண்டாம். தூக்கமும் பசியும் குறைந்து, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய், தொட்டால் எரிந்து விழுகிற பிள்ளைக்குத் தேவை சிகிச்சை.

பத்தாம் படி: உங்களையும், உங்கள் பிரிவையும்

பகைமை ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் திட்டு வாங்கினால் உங்களுக்கும் சில பிள்ளைகளைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும், அவர்கள் செய்வதெல்லாம் வேண்டுமென்றே செய்வதாகத் தோன்றும். டாட்ஜின் ஆய்வில் இருந்த பையன்களின் இடத்துக்கு நாமும் வந்துவிட்டோம் என்று அர்த்தம். அந்தப் பிள்ளையோடு இன்று நான் பேச வேண்டாம், நீங்கள் பேசுங்கள் என்று சக பணியாளரிடம் சொல்வதில் தவறே இல்லை. பெரிய சம்பவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் முன் பத்து நிமிடமாவது யாரிடமாவது பேசுங்கள். அந்த ஏற்பாடு இல்லாத இல்லத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். அடிபட்டால் மறைக்காமல் பதிவு செய்யுங்கள்.

என்றாவது ஒரு நாள் நீங்களும் வேலையை விட்டுப் போவீர்கள். அதைச் சொல்லாமல் போகாதீர்கள். குறைந்தது மூன்று நான்கு வாரம் முன்பே தேதியைச் சொல்லுங்கள், உங்கள் காரணத்தால் போகிறீர்கள், அவர்களால் அல்ல என்று ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லுங்கள். சொன்னதும் சண்டைகள் கூடும். உங்கள் பையை ஒளித்து வைப்பார்கள், "போங்க, யாரு கேட்டா" என்பார்கள். அதற்காக முன்கூட்டியே கிளம்பிவிடாமல் சொன்ன தேதி வரை வந்துகொண்டே இருங்கள். திரும்ப வந்து பார்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கும் முன், இல்லத்தின் விதி அதை அனுமதிக்கிறதா, உங்களால் உண்மையிலேயே வர முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.